60 பலகைகளில் ஒரே ஓவியம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க ஓவியர் ஜேக்கப் லாரன்ஸைப் பற்றி இன்று பேசப்போகிறேன். 1917இல் பிறந்து 2000இல் மறைந்தவர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தார் என்றாலும், 23 வயதில் அவர் வரைந்த ஓர் ஓவிய வரிசையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்கு ரயிலேறினார்கள். பருத்தியை வண்டு அழித்தது, கூலி போதவில்லை, கும்பல் கொலைகளுக்கு முடிவே இல்லை. லாரன்ஸின் பெற்றோரும் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு அவர் வந்தபோது வயது 13. அங்கே ஓவியர் சார்ல்ஸ் ஆல்ஸ்டன் நடத்திய கலை வகுப்புகளில் கற்றார். அப்புறம் 135ஆவது தெரு நூலகத்தில் உட்கார்ந்து இந்த இடப்பெயர்வின் வரலாற்றைப் படித்தார்.

1940இல் அந்த வரலாற்றை வரையும் வேலை தொடங்கியது. ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் 60 பலகைகள். அவற்றுக்கு வெள்ளைப் பூச்சு பூச உதவியவர் க்வெண்டலின் நைட். அவரும் ஓவியர். அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள். லாரன்ஸ் ஒரு படத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகவில்லை. எல்லாப் பலகைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, கறுப்பு எங்கெங்கே வேண்டுமோ அங்கெல்லாம் கறுப்பைத் தீட்டினார். பிறகு அடுத்த நிறம். இப்படியே அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறம் வரை. அதனால்தான் முதல் படத்தின் மஞ்சளும் கடைசிப் படத்தின் மஞ்சளும் ஒன்றாகவே இருக்கின்றன.

பதினைந்தாவது படம் கும்பல் கொலையைப் பற்றியது. அதில் பிணம் இல்லை. மொட்டைக் கிளையில் ஒரு சுருக்குக் கயிறு, கீழே குறுகி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம், அவ்வளவுதான். இந்த அடக்கத்துக்காகவே அவரைப் பெரிய கலைஞர் என்பேன்.

1941இல் ஃபார்ச்சூன் இதழ் 26 படங்களை வெளியிட்டது. பிறகு இரண்டு அருங்காட்சியகங்கள் வரிசையைப் பங்கிட்டு வாங்கின. ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனில் உள்ள ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனுக்கு, இரட்டைப்படை எண்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒரே மூச்சில் வரைந்ததை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பார்த்தால் கதையின் ஓட்டம் அறுந்துபோகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடலோரக் காவல் படையில் பணியாற்றிய லாரன்ஸ், பின்னாளில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இரண்டு அருங்காட்சியகங்களும் எப்போதாவது 60 படங்களையும் ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் அப்போது போய்ப் பாருங்கள், முதல் எண்ணிலிருந்து வரிசையாக.