வெர்டனுக்குப் போன சாலை

நேயர்களுக்கு வணக்கம். பிரான்சின் மார்ஷல் பெத்தேனைத் துரோகி என்கிறோம். சரியான சொல்தான். ஆனால் ஒரு நாடே அவரை ஏன் நம்பியது என்று தெரிய, ஒரு சாலையிலிருந்து தொடங்க வேண்டும்.

1916 பிப்ரவரி 21, முதல் உலகப் போர். பிரான்சின் கோட்டை நகரமான வெர்டன் மீது ஜெர்மானியரின் தாக்குதல் தொடங்குகிறது. சில நாளில் அதைக் காக்கும் பொறுப்பைப் பெத்தேன் ஏற்கிறார். பெரிய ரயில் பாதைகள் பயன்படவில்லை. மிஞ்சியது ஒரு குறுகிய ரயில் பாதையும், பார்-லெ-துக் ஊரிலிருந்து வரும் ஒரு சாலையும்தான். நீளம் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் ஏழு மீட்டர். போகும் லாரியும் வரும் லாரியும் உரசாமல் விலகலாம், அவ்வளவுதான்.

அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகள் இரவு பகலாக ஓடின. சராசரியாக 14 விநாடிக்கு ஒரு வண்டி. வாரத்துக்கு 90,000 வீரர்கள், 50,000 டன் வெடிமருந்து. குதிரை வண்டிக்கும் நடந்துபோகும் படைக்கும் சாலையில் இடமில்லை. அவர்கள் ஓரத்து வயலில் போக வேண்டும். சாலையை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பழுது பார்க்கும் ஆட்களை வைத்தார்கள். வண்டி நின்றுவிட்டால் நடுச்சாலையில் கழற்றிப் பார்ப்பதில்லை, ஓரத்துப் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். இதை வகுத்தவர்கள் மோட்டார் போக்குவரத்து அதிகாரிகள். பெத்தேனின் பங்கு, இதன் அருமையை உணர்ந்து முழுப் பலம் கொடுத்தது.

பிப்ரவரி இறுதியில் பனி உருகிச் சாலை சேறானது. அக்கால லாரி டயரில் காற்று கிடையாது, கெட்டி ரப்பர். சாலையை அப்படியே உழுதுவிடும். ரோலர் கொண்டுவந்தால் போக்குவரத்து நிற்கும். எனவே பக்கத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைச் சக்கரங்களுக்கு அடியிலேயே வீசினார்கள். லாரிகளே ரோலர் ஆயின. மென்மையான கல், சீக்கிரம் பொடியாகிவிடும். மறுபடி வீச வேண்டும், மறுபடி மறுபடி.

சாலை நிற்காததால்தான் படைகளை மாற்ற முடிந்தது. நீர்ச்சக்கரத்து வாளிகள் போல, களைத்த படை இறங்கப் புதிய படை ஏறியது. அதனால் பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி வெர்டனைப் பார்த்தது, பெத்தேனின் பெயரையும் வீட்டுக்குக் கொண்டுபோனது. 1917இல் படைகள் கலகம் செய்தபோது சிலரைச் சுட்டுக் கொன்றார் என்பதும் உண்மை. விடுப்பையும் சாப்பாட்டையும் சீராக்கினார் என்பதும் உண்மை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்தபோது, அந்தப் பெயரோடுதான் பெத்தேன் அரசுத் தலைமைக்கு வந்து, 1940 ஜூன் 17 அன்று வானொலியில் பேசினார். வயது 84. போரை நிறுத்தியாக வேண்டும் என்றார். ஜெர்மனியுடன் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஐந்து நாள் இருந்தது! வெர்டனின் பெரியவரே சொல்லிவிட்டாரே என்று பல வீரர்கள் ஆயுதத்தை வைத்தார்கள், சிறைப்பட்டார்கள். அக்டோபர் 3இல் அவருடைய அரசின் யூதர்களை ஒதுக்கும் சட்டம். அது ஜெர்மானியர் கட்டளையிட்டு வந்ததல்ல. அக்டோபர் 24இல் மோந்துவார் என்ற பிரெஞ்சு ஊரில் ஹிட்லருடன் கைகுலுக்கல். 30ஆம் தேதி மீண்டும் வானொலியில், ஜெர்மனியுடன் ஒத்துழைக்கும் பாதையில் இறங்குவதாகத் தாமே அறிவித்தார். அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி அதற்கு முன்பே, செப்டம்பரில், போரைத் தொடர லண்டனிலிருந்து அழைத்த தளபதி டி கோல் பக்கம் போய்விட்டது.

நேரம் நெருங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1942 ஜூலையில் பாரிசில் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது பெத்தேன் அரசின் பிரெஞ்சுப் போலீஸ். அவர்களில் நாலாயிரத்துக்கு மேல் குழந்தைகள். 1945 ஆகஸ்டில் பெத்தேனுக்கு மரண தண்டனை. ஒருகாலத்தில் அவருடைய படைப்பிரிவிலேயே இளம் அதிகாரியாக இருந்த டி கோல் அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார். 1951இல் பெத்தேன் பிரான்சின் யூ தீவில் இறந்தார். வெர்டனில் தம் வீரர்களோடு புதைக்கப்பட விரும்பினார். 1973இல் சிலர் உடலைத் திருடி அங்கே கொண்டுபோகப் பார்த்தார்கள். அரசு மீட்டுத் தீவிலேயே மீண்டும் புதைத்தது. வணக்கம்.