பெயர்ப்பலகையா, மேடையா? டீப் பர்ப்பிள் குழுவின் கச்சேரிப் படங்கள் குறித்து ஒரு பேச்சு

அவையிலுள்ள பெரியவர்களுக்கும், கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

1968இல் இங்கிலாந்தில் தொடங்கிய டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவைப் பற்றிப் பேசப் போகிறேன். அரை நூற்றாண்டைத் தாண்டியும் மேடையேறுகிற குழு. ஆள் மாறிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொரு அணிக்கும் ரசிகர்கள் எண் போட்டு வைத்திருக்கிறார்கள்: மார்க் ஒன்று, மார்க் இரண்டு என்று. மார்க் இரண்டில் கிட்டார் ரிச்சி பிளாக்மோர், பாட்டு இயன் கில்லன், பேஸ் ரோஜர் குளோவர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பெய்ஸ். அந்த ஐந்து பேர்தான் டீப் பர்ப்பிள், மற்றதெல்லாம் வெறும் பெயர்ப்பலகை என்று அடித்துச் சொல்கிற ரசிகர்கள் உலகமெங்கும் உண்டு. அந்த அணிக்குப் பின் வந்த டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் பாடிய காலமே பொற்காலம் என்று மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் சாட்சிக்கு இழுப்பது கச்சேரிப் படங்களைத்தான். ஆகவே அந்தப் படங்களையே எடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் பெயர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். 1976இல் குழு கலைந்துவிட்டது. நான்கு வருடம் கழித்து, 1980இல், அமெரிக்காவில் டீப் பர்ப்பிள் என்ற பெயரில் ஒரு குழு டிக்கெட் விற்றது. மேடையில் இருந்தவர்களில் பழைய ஆள் ஒரே ஒருவர், மார்க் ஒன்றில் பாடிய ராட் எவான்ஸ். கலிபோர்னியாவில் கச்சேரிக்கு முன்னால் உண்மையான குழுவின் நிர்வாகத்தினர் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். பிளாக்மோர், கவர்டேல், கில்லன், குளோவர், ஹியூஸ், லார்ட், பெய்ஸ் ஆகியோர் இந்தக் கச்சேரியில் வாசிக்க மாட்டார்கள் என்று பெயர் பெயராக அச்சிட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போய் 6,72,000 டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பானது. பழைய பதிவுகளுக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியும் எவான்ஸ் கையைவிட்டுப் போயிற்று. பெயர் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லிவிடும். அந்தப் பெயருக்கு மேடையில் தகுதி இருக்கிறதா என்று அது சொல்ல முடியாது. அதை நாம்தான் காது கொடுத்துக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

கோபன்ஹேகனில் 1972 மார்ச் 1 அன்று டேனிஷ் தொலைக்காட்சி எடுத்த கச்சேரி கறுப்பு வெள்ளைப் படமாக இருக்கிறது. மார்க் இரண்டு ரசிகர்களின் வேதம் அது. இந்தக் குழு என்றாலே ஊர் உலகத்துக்கு நினைவு வருகிற ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ அதில் கிடையாது. அந்தப் பாட்டை அவர்கள் மேடைக்குக் கொண்டுவருவதற்குச் சில நாள் முந்தைய கச்சேரி அது. அந்தப் பாட்டு இல்லாமலே படம் நம்மைக் கட்டிப்போடுகிறது.

எதனால்? ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’ பாட்டின் நடுவில் பிளாக்மோர் கிட்டாரில் ஒரு சிறு சங்கதி போடுகிறார், கில்லன் அதைத் தொண்டையில் திருப்பிக் கொடுக்கிறார். அடுத்தது இன்னும் மேலே, அதற்கடுத்தது இன்னும் வேகமாக. நம் சபைகளில் சவால் ஜவாப் என்போமே, அது. எல்லோர் கண்ணும் அந்த இருவர் மேல் இருக்கும். நீங்கள் ஒருமுறை அவர்களை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பெய்ஸைப் பாருங்கள். இடதுகைக்காரர், அதனால் டிரம்ஸ் முழுவதும் எதிர்ப்பக்கமாக வைக்கப்பட்டிருக்கும். முன்னால் எவ்வளவு ஆட்டம் நடந்தாலும் அவர் கை தளர்வதில்லை, காது மட்டும் முன்னாலேயே இருக்கிறது. லார்டைப் பாருங்கள். ஹாமண்ட் ஆர்கனை அதற்குரிய ஒலிபெருக்கியோடு நிறுத்தாமல் கிட்டார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகியவர் அவர். ஆர்கன் உறுமுகிறது. கண்ணை மூடிக் கேட்டால் சில இடங்களில் எது கிட்டார், எது ஆர்கன் என்று பிரிக்க முடியாது. பின்னால் இந்தக் குழு பிழைத்ததற்கு அந்த உறுமல் ஒரு பெரிய காரணம்.

1974 ஏப்ரல் 6, கலிபோர்னியா ஜாம் என்ற திறந்தவெளி ராக் இசைவிழா. கில்லனும் குளோவரும் முந்தைய வருடமே போய்விட்டார்கள். பாட வந்திருப்பவர் டேவிட் கவர்டேல், துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். எதிரே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். பொழுது சாய்ந்தபின்தான் ஏறுவேன் என்று பிளாக்மோர் பிடிவாதம் பிடிக்கிறார், ஏற்பாட்டாளர்களோ உடனே ஏறு என்கிறார்கள். கடைசியில் ஏறி வாசித்தவர், முடிவில் கிட்டாரின் தலையால் தொலைக்காட்சி கேமராவைக் குத்து குத்தென்று குத்துகிறார். ஆம்ப்ளிஃபயர் வெடித்துத் தீப்பிடிக்கிறது. ஹெலிகாப்டரில் ஏறித் தப்பிப் போனார்கள். எல்லோரும் அந்தத் தீயைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அப்படிப்பட்ட இரவில், அத்தனை பேர் முன்னால், புதுப் பாடகர் ஒருவர் ஒரு சொல் தடுமாறாமல் பாடி முடித்தது.

அடுத்த வருடம் பிளாக்மோரும் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் டாமி போலின் என்ற அமெரிக்க இளைஞர். 1975 டிசம்பரில் ஜகார்த்தாவில் குழுவின் உதவியாளர் ஒருவர் உயிரிழந்தார். அங்கிருந்து ஜப்பான் போகும்போது போலினின் இடது கை மரத்துப்போயிருந்தது. போதையில் கையின் மேல் படுத்துத் தூங்கியதால் வந்த வினை. டிசம்பர் 15 அன்று டோக்கியோ புடோகான் அரங்கில் எடுத்த படம் அரை மணி நேரம் போலத்தான் இருக்கிறது. போலின் எளிய பிடிகளை மட்டும் வைத்துச் சமாளிக்கிறார். இந்தப் படத்தைக் காட்டி, பிளாக்மோர் இல்லாவிட்டால் இதுதான் கதி என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேலி எனக்குச் சகிக்கவில்லை. அடுத்த டிசம்பரில், 25 வயதில், போலின் இறந்துபோனார். கை விழுந்துபோன ஒருவர் மேடையை விட்டு ஓடாமல் நிற்கிறார். பக்கத்தில் லார்ட், கிட்டார் இருக்க வேண்டிய இடங்களையெல்லாம் ஆர்கனால் நிரப்பிக்கொண்டே போகிறார், கோபன்ஹேகனில் கேட்ட அதே உறுமலோடு. ஒருவர் விழும்போது மற்றவர் எப்படித் தோள் கொடுக்கிறார் என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்த அரை மணி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

இனி பர்மிங்ஹாம். இன்று என்னை இங்கே நிற்க வைத்ததே இந்தப் படம்தான்.

1984இல் மார்க் இரண்டின் ஐவரும் மறுபடி சேர்ந்தார்கள். கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் ஒத்துப்போகவில்லை. நடுவில் கில்லன் நீக்கப்பட்டார், அவர் இடத்தில் பாட ஜோ லின் டர்னர் வந்தார், குழுவின் 25ஆம் ஆண்டை ஒட்டிக் கில்லன் திரும்ப அழைக்கப்பட்டார். 1993இல் வந்த ஆல்பத்தின் பெயரே ‘தி பேட்டில் ரேஜஸ் ஆன்’. போர் மூண்டபடி இருக்கிறது என்று அவர்களே எழுதி ஒட்டிக்கொண்டது போல. பிளாக்மோர் விலகுவதாகச் சொல்லிவிட்ட நிலையில், நவம்பர் 9 அன்று பர்மிங்ஹாமில் கச்சேரி படமாக்கப்பட்டது.

‘ஹைவே ஸ்டார்’ தொடங்குகிறது. கிட்டார்காரர் மேடையில் இல்லை. நான்கு பேர் வாசிக்கிறார்கள். கிட்டாரை மையமாக வைத்துக் கட்டிய பாட்டு அது. அதில் கிட்டார் இல்லையென்றால் இடிந்து விழ வேண்டும். விழவில்லை. பெய்ஸ் வேகத்தைக் குறைக்கவில்லை, குளோவர் தலையைக் குனிந்துகொண்டு அடித்தளத்தைப் பிடித்துக்கொள்கிறார், லார்ட் இரண்டு ஆள் வேலையைச் செய்கிறார், கில்லன் எதுவும் நடக்காதது போலப் பாடுகிறார். பாட்டு பாதி ஓடிய பிறகே பிளாக்மோர் வருகிறார். வந்தவர் கொஞ்ச நேரத்தில் ஒரு கேமராக்காரர் மேல் தண்ணீரை வீசுகிறார். கலிபோர்னியாவில் கேமராவைக் குத்திய அதே கை.

அந்தத் தண்ணீர் வீச்சைப் பற்றி ரசிகர்கள் பேசியதும் எழுதியதும் கணக்கில்லை. திமிர் என்கிறது ஒரு பக்கம், கலைஞனின் சுதந்திரம் என்கிறது இன்னொரு பக்கம். வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி மேல் தண்ணீர் ஊற்றுவது எந்தக் கலையிலும் சேர்த்தி இல்லை என்பது என் கருத்து. ஆனால் அதோடு படத்தை மூடி வைத்துவிடாதீர்கள். பின்னால் ‘ஆன்யா’ வருகிறது. அதன் தொடக்கத்தில் லார்டும் பிளாக்மோரும் மட்டும் மெதுவாகப் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். கால் நூற்றாண்டு ஒரே மேடையில் நின்றவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் பேச்சு அது. கோபத்தில் இருந்த மனிதர் கையிலிருந்து அவ்வளவு மென்மையான வாசிப்பு வருகிறது. ஒரு வாரம் கழித்து, ஹெல்சிங்கியில், பிளாக்மோர் தன் கடைசிக் கச்சேரியை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

1994இல் வெளியான வீடியோவில் எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கல். பாட்டுகளுக்கு நடுவே மற்ற உறுப்பினர்களின் பேட்டிகளைச் செருகியிருந்தார்கள். போன மனிதரைப் பற்றி இருப்பவர்கள் பேசுகிறார்கள், போனவர் தரப்பில் ஒரு சொல் கிடையாது. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். கச்சேரியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பஞ்சாயத்து நடத்தினால் பார்க்கிறவன் பாட்டைக் கேட்பானா, தீர்ப்பு எழுதுவானா? ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்ததில் அந்தப் படத்தொகுப்புக்கும் பங்கு உண்டு.

2007இல் அதே பர்மிங்ஹாம் கச்சேரியின் ஒலிப்பதிவைத் தனி ஆல்பமாக வெளியிட்டார்கள். கில்லன், தயவுசெய்து இதை வாங்காதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். தன் வாழ்க்கையின் மிகத் தாழ்ந்த கட்டங்களில் ஒன்று அது என்றார். ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கில்லனின் வலி எனக்குப் புரிகிறது. அந்த இரவில் அவமானப்பட்டு நின்றவர் அவர். தன் பெயரில் எது விற்கப்படலாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனாலும், அந்த இரவு நல்ல இரவல்ல என்று அவர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அவரே நினைத்துப் பார்க்காத அளவுக்கு அவரும் மற்ற மூவரும் அன்று உயர்ந்து நின்றார்கள். ஆளில்லாத இடத்தைத் தாங்கிப் பிடித்த அந்த முதல் பாட்டு ஒன்றுக்காகவே அந்தப் பதிவு அழியாமல் இருக்க வேண்டும்.

பிளாக்மோர் போனபின் ஜப்பான் பயணத்துக்கு ஜோ சாட்ரியானி என்ற கிட்டார்காரர் வந்து கைகொடுத்தார். 1994இல் கிட்டாருக்கு ஸ்டீவ் மோர்ஸ் நிரந்தரமாகச் சேர்ந்தார். அன்றிலிருந்து ரசிகர்களின் வழக்கு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. பிளாக்மோர் மாதிரி இல்லையே என்ற ஒரே குற்றச்சாட்டு.

இதற்குப் பதில் சொல்ல இரண்டு படங்கள் வேண்டும். 1969 செப்டம்பர் 24, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். ஜான் லார்ட் எழுதிய, ராக் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற கான்செர்ட்டோ என்ற நீண்ட இசைப்படைப்பு. ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். பிபிசி படமெடுத்தது. அடுத்த வருடம் அந்த இசைக்குறிப்புத் தொலைந்துபோனது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஏறக்குறைய முப்பது வருடம் அந்தப் படைப்பை யாராலும் வாசிக்க முடியவில்லை. பிறகு மார்கோ டி குய் என்ற டச்சு இசையமைப்பாளர், பழைய பதிவைக் கேட்டுக் கேட்டு, அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த வாத்தியம் எந்த ஸ்வரத்தை வாசிக்கிறது என்று கண்டுபிடித்து முழுக் குறிப்பையும் எழுதினார். லார்ட் அவரோடு உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். யோசித்துப் பாருங்கள், ஒரு கச்சேரிப் படம் இல்லையென்றால் ஒரு படைப்பே போயிருக்கும்.

1999 செப்டம்பரில் அதே அரங்கில், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு, பால் மான் நடத்த, அதை மறுபடி வாசித்தார்கள். அதுவும் படமாயிற்று. இப்போது கிட்டாரில் மோர்ஸ். முதல் பகுதியில் கிட்டாருக்கென்று ஒரு நீண்ட தனி இடம் இருக்கிறது. 1969இல் பிளாக்மோர் அங்கே மனம் போனபடி வாசித்துத் தள்ளினார். நூறு வாத்தியங்களின் ஸ்வரங்களைப் பாடுபட்டு மீட்டெடுத்தவர்கள் அந்த இடத்தை மட்டும் மோர்ஸ் கையில் விட்டார்கள். பிளாக்மோர் வாசித்ததை அவர் நகலெடுக்கவில்லை. தன் வழக்கப்படி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகச் சீவி, அமெரிக்கக் கிராமிய இசையின் வாடையோடு வாசிக்கிறார். அந்த இடத்தை எழுதிய லார்டே ஆர்கனில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் என்ன அனுமதிச் சீட்டு வேண்டும்?

2002இல் லார்டே விலகி, டான் எய்ரிக்கு இடம் விட்டார். 2012இல் லார்ட் மறைந்தார். 2022இல் மனைவியின் புற்றுநோய் காரணமாக மோர்ஸும் விடைபெற்றார், சைமன் மெக்பிரைட் வந்திருக்கிறார். மோர்ஸ் இருந்தது 28 வருடம். பிளாக்மோர் இரண்டு தவணையும் சேர்த்து இருந்ததைவிட அதிகம். எல்லா அணியிலும் இருந்தவர் பெய்ஸ் ஒருவரே.

2016இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் டீப் பர்ப்பிளைச் சேர்த்துக்கொண்டபோது எட்டுப் பேர் பெயரை அறிவித்தார்கள். போலிக் குழு நடத்தி நஷ்டஈட்டுத் தீர்ப்பு வாங்கிய ராட் எவான்ஸ் பெயர் இருந்தது. அவர் முதல் அணியில் பாடியவர், இருக்கட்டும். அதே அணியில் பேஸ் வாசித்த நிக் சிம்பர் இல்லை. போலின் இல்லை. எய்ரி இல்லை. அன்றைக்கு 22 வருடமாகக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த மோர்ஸ் இல்லை. பட்டியல் போட்டவர்கள் புடோகான் படத்தையும் ஆல்பர்ட் ஹால் படத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டார்கள். இன்றும் காலம் கடந்துவிடவில்லை. விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க வேண்டும்.