தமனி பிறந்த வீட்டை மறக்காது

வணக்கம். இன்றைக்கு வீடியோவைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தொப்புளுக்கு மேலே, நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் இடப்பக்கமாக விரல்களை மெதுவாக அழுத்துங்கள். ஒல்லியானவர் என்றால் ஒரு துடிப்பு தட்டுப்படும். பயப்பட வேண்டாம். அதுதான் வயிற்றுப் பெருந்தமனி, அயோர்டா.

உதரவிதானத்தின் பின்னால் டி12 மட்டத்தில், அதாவது மார்புப் பகுதியின் 12-ஆம் முதுகெலும்பு மட்டத்தில், உள்ளே வருகிறது. முதுகெலும்பின் மேல் சாய்ந்தபடியே இறங்கி, எல்4 மட்டத்தில், அதாவது இடுப்புப் பகுதியின் 4-ஆம் முதுகெலும்பு மட்டத்தில், இரண்டாகப் பிரிகிறது. அந்த இடம் ஏறக்குறைய தொப்புளுக்குச் சற்றுக் கீழே. அதனால்தான் மேலே அழுத்தச் சொன்னேன். அகலம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ.யைத் தொட்டால் வீக்கம், அனியூரிசம் என்கிறோம். ஐன்ஸ்டீனுக்கு இருந்தது இதுதான். 1948-இல் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் அந்த வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றி வைத்தார். ஆமாம், பொட்டலம் கட்டும் அதே செலோஃபேன். அதைச் சுற்றி வடுத் திசு வளர்ந்து சுவரைத் தாங்கும் என்பது கணக்கு. 1955-இல் வீக்கம் வெடித்தது. இன்னொரு அறுவைக்கு ஐன்ஸ்டீன் சம்மதிக்கவில்லை.

சரி, கிளைகளுக்கு வருவோம். பட்டியலாக மனப்பாடம் செய்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார்: "விரை எங்கே இருக்கிறது? அதன் தமனி எங்கிருந்து கிளம்புகிறது?" விரைப்பையில் இருக்கிறது, எல்2 மட்டத்திலிருந்து கிளம்புகிறது என்றேன். "ஏன் இவ்வளவு தூரம்?" என்றார். முழித்தேன். பதில் ஒரே வரிதான். விரை உருவானது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், வயிற்றின் பின்சுவரில். பிறகு கீழே இறங்கியது. இறங்கும்போது தமனியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. சூலகத்துக்கும் இதே கதைதான், அது இடுப்புக்குழியோடு நின்றுவிட்டது, அவ்வளவே. இந்த ஒன்று புரிந்தபின் மற்றதெல்லாம் எனக்கு வழிக்கு வந்தது. உறுப்பு எங்கே குடிபோனாலும் தமனி அதன் பிறந்த வீட்டைச் சொல்லிவிடும்.

முன்பக்கத்துக் கிளைகள் மூன்றையும் அப்படிப் பாருங்கள். கருவில் குடல் ஒரு நேர்க் குழாய். அதற்கு முன், நடு, பின் என்று மூன்று துண்டுகள், துண்டுக்கு ஒரு தமனி. டி12 அருகே சீலியாக், எல்1-இல் மேல் மெசென்டெரிக், எல்3-இல் கீழ் மெசென்டெரிக். சீலியாக் 1 செ.மீ. சொச்சம் நீளத்திலேயே மூன்றாகப் பிரிந்து இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்குப் போகும். மண்ணீரல் குடலின் பிள்ளையே இல்லை, இரைப்பையைத் தாங்கும் சவ்வில் முளைத்தது. இருந்தாலும் அதே வீட்டில்தான் சாப்பாடு. அதன் தமனி பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கணையத்தின் மேல்விளிம்பில் ஓடும். உடலிலேயே இவ்வளவு நெளிவு உள்ள தமனி அரிது.

முன்குடலும் நடுக்குடலும் சந்திக்கும் எல்லை, பித்தநாளம் முன்சிறுகுடலில் திறக்கும் இடத்தையொட்டி வருகிறது. கணையத்தின் தலை இந்த எல்லையிலேயே இருப்பதால் சீலியாக், மேல் மெசென்டெரிக் இரண்டிலிருந்தும் ரத்தம் வாங்கிக்கொள்கிறது. இன்னொரு எல்லை பெருங்குடலில், மண்ணீரலுக்குக் கீழே குடல் திரும்பும் மூலையில். அங்கே நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. மேல், கீழ் மெசென்டெரிக் இரண்டின் கடைமடை அது. ரத்த அழுத்தம் சரிந்தால் முதலில் வாடுவது இந்த மூலைதான்.

மேல் மெசென்டெரிக்கிடம் ஒரு குறும்பு உண்டு. அயோர்டாவிலிருந்து கூர்ங்கோணத்தில் இறங்குவதால், இரண்டுக்கும் நடுவே பாக்குவெட்டி மாதிரி ஓர் இடுக்கு. முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதியும் இடது சிறுநீரகச் சிரையும் அந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் கொழுப்பு மெத்தை இருப்பதால் பிரச்சினை வருவதில்லை. ஒருவர் வேகமாக, அளவுக்கு மீறி இளைத்துவிட்டால் மெத்தை கரைந்து கோணம் சுருங்கும். குடல் நசுங்கும். சாப்பிட்டதும் வாந்தி.

சிறுநீரகம்தான் நான் சொன்ன விதியை மீறும் பிள்ளை. அது பிறந்தது இடுப்புக்குழியில். விரை இறங்கியது, இது ஏறியது. ஏறும் வழியில் பழைய தமனியை விட்டுவிட்டு, அந்தந்த மட்டத்தில் புதிது புதிதாகப் பிடித்துக்கொண்டே போகிறது. கடைசியில் எல்1, எல்2 அருகே நிலைத்துவிடுகிறது. விட வேண்டிய சில தமனிகள் விடாமல் நின்றுவிடுவதும் உண்டு. அதனால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒரு பக்கமாவது கூடுதல் தமனி இருக்கும். தேவைக்கு மேல் ஒன்று என்று நினைத்து வெட்டிவிட முடியாது. ஒவ்வொன்றும் தன் பங்குச் சிறுநீரகத்துக்குத் தனி வழி, வெட்டினால் அந்தப் பகுதி செத்துவிடும். தானம் தருபவருக்கு முன்னதாகவே ஸ்கேன் எடுத்துத் தமனிகளை எண்ணுவது இதற்காகத்தான். இரண்டு சிறுநீரகமும் கீழ்முனையில் ஒட்டிக் குதிரைலாடம் போல ஆகிவிட்டால், ஏறும் வழியில் கீழ் மெசென்டெரிக் தமனி குறுக்கே நின்று தடுத்துவிடும். பாதி வழியிலேயே நின்றுபோகும்.

அப்புறம் இடுப்பு. எல்4-இல் பிரிந்த இரண்டு பொது இலியாக் தமனிகளில், வலது இலியாக் இடது இலியாக் சிரையின் மேல் ஏறிப் போகிறது. அந்த அழுத்தமும் சேர்ந்துதான் ஆழ்சிரை ரத்தக்கட்டி இடது காலில் அதிகம் வருகிறது. பொது இலியாக், உள், வெளி என்று பிரியும் இடத்தில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய் முன்னால் கடக்கும். வெளி இலியாக் தொடைக்குப் போய்விடும், அதை விடுங்கள்.

உள் இலியாக்கிலிருந்து வரும் கருப்பைத் தமனியை மட்டும் கவனியுங்கள். கருப்பை வாயிலிருந்து பக்கவாட்டில் சுமார் 2 செ.மீ. தூரத்தில் அது சிறுநீர்க்குழாய்க்கு மேலே குறுக்காகப் போகிறது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். கருப்பையை அகற்றும்போது தமனியைக் கட்டப் போய்ச் சிறுநீர்க்குழாயையும் சேர்த்துக் கட்டிவிடும் ஆபத்து இங்கேதான். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காவிட்டால் உள் இலியாக் இரண்டையும் கட்டிவிடுவது உண்டு. இடுப்புறுப்புகள் அழுகிவிடாதா என்று கேட்பீர்கள். அழுகாது. முதுகுப்பக்கம், குடல்பக்கம், தொடைப்பக்கம் என்று சுற்றுவழிகள் அத்தனை இருக்கின்றன. ரத்தம் வரும், வேகம் மட்டும் குறையும், உறைய நேரம் கிடைக்கும். பிறகு அவர்கள் கருவுற்றுக் குழந்தை பெற்றதும் உண்டு.

உள் இலியாக்கின் ஒரு கிளையோடு முடித்துக்கொள்கிறேன். கருவில் இருந்தபோது நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோன இரண்டு தொப்புள் தமனிகள் இதன் கிளைகள்தான். பிறந்தபின் முன்பாதி மூடி, வயிற்றுச் சுவரின் உள்பக்கம் தொப்புள் வரை ஏறும் நாராக மாறிவிட்டது. பின்பாதி இன்னும் திறந்திருக்கிறது, சிறுநீர்ப்பையின் மேற்பகுதிக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு.

அடுத்த வீடியோவில் சிரைகள்.