கணுக்காலோடு அறுபட்ட துரியோதனன்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்போடியா என்றதும் அங்கோர் வாட்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் இன்று சொல்லப்போவது வேறு ஊர். அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து நகரமான சியாம் ரீப்பிலிருந்து சாலை வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர் போனால், காட்டுக்குள் கோ கெர் கிடக்கிறது. 928 முதல் 944 வரை, அன்று கம்போடியாவை ஆண்ட கெமர் அரசின் தலைநகரம். பழைய பெயர்களில் ஒன்று லிங்கபுரம்.

தலைநகரை அங்கோரிலிருந்து இங்கே கொண்டுவந்தவர் நான்காம் ஜெயவர்மன். பதினாறே வருஷம்தான், ஆனால் மனிதர் கட்டியதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பிரசாத் தோம் கோயில் வளாகத்தின் பின்னால் ஏழு அடுக்குப் பிரமிடு ஒன்று, 36 மீட்டர் உயரம். உச்சியில் ஒரு காலத்தில் பெரிய லிங்கம் இருந்தது. இப்போது மரப்படிகளில் மூச்சிரைக்க ஏறினால் வெயிலும் காற்றும்தான். கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை.

ஏன் கைவிட்டார்கள்? ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அணைக்கரை போட்டிருந்தார்கள். வெள்ளத்தைத் தாங்க வழியில்லாமல் அது சீக்கிரமே உடைந்திருக்கலாம், தலைநகரம் அங்கோருக்குத் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஏரி குளத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மனதில் தங்கியது பிரமிடு அல்ல, பிரசாத் சென் என்ற சின்னக் கோயில். சரிந்த செம்பூராங்கல் சுவர்கள், புதர். அவ்வளவுதான். பாரதப் போரின் கடைசிக் கதாயுதச் சண்டையை இங்கே சிலைகளாகவே நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் பீமன், எதிரே தாவி எழும் துரியோதனன், சுற்றிலும் பார்த்திருப்பவர்கள். சுவரில் செதுக்கிய புடைப்புச் சிற்பமல்ல; சுற்றி வந்து பார்க்கும்படி தனித்து நின்ற முழு உருவங்கள். மணற்கல்லுக்கு இத்தனை வேகம் வரும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

1970களின் உள்நாட்டுப் போரில் திருடர்கள் சிலைகளைக் கணுக்காலோடு உடைத்துக் கொண்டுபோனார்கள். பாதங்கள் மட்டும் பீடத்தில் மிஞ்சின. 2011-இல் நியூயார்க்கில் துரியோதனன் ஏலத்துக்கு வந்தான். மதிப்பு இருபது முதல் முப்பது லட்சம் டாலர். அவனை மாட்டிவிட்டது அந்தப் பாதங்கள்தான். உடைந்த கல்லை ஒப்பிட்டு, இது இந்தப் பீடத்துச் சிலை என்று சொல்ல முடிந்தது. வழக்கு நடந்து, 2014-இல் துரியோதனன் நாடு திரும்பினான். கலிபோர்னியா அருங்காட்சியகம் ஒன்றிலிருந்த பீமனும் கூடவே வந்தான், பலராமனும் வந்தான்.

2023-இல் யுனெஸ்கோ கோ கெரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. போகிறவர்கள் முதலில் புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில் இந்தச் சண்டைக்காரர்களைப் பார்த்துவிடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்: பிரசாத் சென்னில் வெறும் புதரைப் பார்த்து, 'இதற்கா இவ்வளவு தூரம்?' என்று ஓட்டுநரிடம் அலுத்துக்கொண்டு திரும்பினேன். இன்னொன்று, கண்ணிவெடி இருந்த பூமி அது. போட்டிருக்கிற பாதையை விட்டு இறங்காதீர்கள்.