கருணைக்கொலைச் சட்டத்தில் மதம் தலையிடலாமா? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. "தீராத நோயில் கிடப்பவர் மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள சட்டம் அனுமதிக்கலாமா என்று முடிவெடுக்கும்போது மதத்தை உள்ளே விடலாமா? மத நிறுவனம் நடத்தும் மருத்துவமனை, நாங்கள் இதைச் செய்ய மாட்டோம் என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இது இரண்டு கேள்வி, முதலாவதுதான் பெரிது.

நம்பிக்கையைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு யாரும் நாடாளுமன்றத்துக்குள் போக முடியாது. அப்படிப் போகச் சொல்வதும் நியாயமில்லை. நம்பிக்கை உள்ள உறுப்பினர் தன் நம்பிக்கைப்படி பேசட்டும், வாக்களிக்கட்டும். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் அது கடவுளே இல்லை என்பவரையும், வேறு கடவுளைக் கும்பிடுபவரையும் சேர்த்துத்தான் கட்டும், அதனால் "உயிரைக் கொடுத்தவன்தான் எடுக்க வேண்டும்" என்பது நம்புகிறவர் தனக்கு வைத்துக்கொள்ளும் காரணமாக இருக்கலாமே தவிர, அடுத்தவரின் கையைக் கட்ட அது மட்டும் போதாது.

அதே உறுப்பினர் வேறு மாதிரி கேட்கிறார் என்று வையுங்கள். "சொத்துக்கு ஆசைப்பட்ட மகன், படுக்கையில் கிடக்கும் அப்பாவை நச்சரித்து நச்சரித்துச் சம்மதம் வாங்க மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?" இதற்கு யாராக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். இந்தப் பயம் நாத்திகருக்கும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பலவும் இதைத்தான் சொல்கின்றன, அதில் மதம் எங்கே வந்தது? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1994இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்து 1997இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும், நோயாளி சுயபுத்தியோடு தானே கேட்க வேண்டும், மருந்தையும் தானே உட்கொள்ள வேண்டும். இதெல்லாம் அந்தப் பயத்துக்குச் சொன்ன பதில்தான். போதுமான பதிலா என்பது வேறு விஷயம், அதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

அப்புறம், சொன்னவர் பாதிரியார் என்பதற்காகவே காதை மூடிக்கொள்ளும் பழக்கமும் தப்பு. 1957இல் மயக்க மருத்துவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன போப் பன்னிரண்டாம் பயஸ், சாகப்போகிறவரை அசாதாரண முறைகளால் இழுத்துப் பிடித்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். வலியைக் குறைப்பதற்காகக் கொடுக்கும் மருந்து ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலும், நோக்கம் வலியைக் குறைப்பதாக இருந்தால் கொடுக்கலாம் என்றும் சொன்னார். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரை எடுக்கலாமா என்று பேசும் மருத்துவர்கள், கடவுளை நம்பாதவர்கள் உட்பட, கிட்டத்தட்ட இதே வழியில்தான் யோசிக்கிறார்கள். வந்த இடம் மதம்தான், ஆனாலும் மதம் இல்லாமலேயே அது நிற்கிறது.

சரி, மதம் மதம் என்கிறோமே, எந்த மதம்? மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்வதை இங்கிலாந்து திருச்சபை எதிர்க்கிறது. அதன் தலைமைப் பேராயராக இருந்த ஜார்ஜ் கேரி 2014இல் ஆதரித்தார், அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் ஆதரித்தார். சமணத்தில் உண்ணாமலிருந்து உயிர் துறப்பது புனிதம். அதை 2015இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தற்கொலை என்று சொல்ல, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இவர்களில் யாருடைய நம்பிக்கையைச் சட்டமாக்குவது?

எனக்குப் பிடித்த உதாரணம் லக்சம்பர்க். கத்தோலிக்கர்கள் அதிகம் வாழும் குட்டி நாடு. 2008 டிசம்பரில் கருணைக்கொலைச் சட்டம் இறுதிக் கட்டத்துக்கு வந்தபோது, மன்னர் மாதிரி நாட்டின் தலைவராக இருந்த கோமான் (கிராண்ட் டியூக்) ஹென்றி, என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, ஒப்புதல் தர மாட்டேன் என்றார். பிரதமர் ஜான் குளோட் யுங்கரும் அந்தச் சட்டத்துக்கு எதிரானவர், கிறிஸ்தவக் கட்சிக்காரர். ஆனால் அவர் கோமானின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளவில்லை. அரசியலமைப்பையே திருத்தினார்கள்: இனி சட்டங்களுக்குக் கோமானின் ஒப்புதல் தேவையில்லை, அவர் அறிவித்தால் போதும். 2009 மார்ச்சில் சட்டம் வந்துவிட்டது. ஹென்றி தன் நம்பிக்கைக்கு விரோதமாக ஒப்புதல் தர வேண்டி வரவில்லை, அவருடைய நம்பிக்கைக்காக நாடும் காத்திருக்கவில்லை. அந்த யுங்கரை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது, தனக்குப் பிடிக்காத சட்டத்துக்கு வழிவிட எத்தனை அரசியல்வாதிக்கு மனசு வரும்?

இப்போது மருத்துவமனை. மருத்துவர் ஒருவர் தன்னால் முடியாது என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கையை விரித்துவிட்டு நோயாளியை அப்படியே விட்டுவிடவும் கூடாது. செய்யக்கூடிய இன்னொருவரிடம் அனுப்பியாக வேண்டும் என்ற விதி சரிதான் என்று 2019இல் கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் என்று வரும்போதுதான் சிக்கல். பெல்ஜியத்தில் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையின் மனநல மருத்துவமனைகள் 2017இல் கருணைக்கொலையை அனுமதித்தன, வாடிகன் சொல்லியும் பின்வாங்கவில்லை, கடைசியில் 2020இல் இவை இனி கத்தோலிக்க மருத்துவமனைகளே இல்லை என்று வாடிகன் சொல்லிவிட்டது. ஆக ஒரே நிறுவனத்துக்குள்ளேயே மனசாட்சி யாருடையது என்று தெரியவில்லை. கனடாவில் மத மருத்துவமனை மறுத்ததாலேயே கடைசி நேரத்தில் நோயாளியை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். புரண்டு படுக்கவே முடியாதவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதை யோசித்துப் பாருங்கள். முடியாது என்கிற மருத்துவமனை அதை, நோயாளியைச் சேர்க்கிற அன்றைக்கே, கையெழுத்து வாங்கும் படிவத்திலேயே எழுதிக் காட்டட்டும். அரசுப் பணத்தில் நடக்கும் இடமாக இருந்தால், வெளியிலிருந்து வேறு மருத்துவர் அந்தப் படுக்கைக்கு வருவதைத் தடுக்கவும் கூடாது என்பேன். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.