சொல்லடைவு இல்லாத நூலுக்கு நாலாவது மதிப்பெண் இல்லை

தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேராசிரியப் பெருமக்களே, எனக்கு முன் பேசி அவையைக் கட்டிப்போட்ட கவிஞர் அவர்களே, விழாக் குழுவினரே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இளம் வாசகர்களே, அனைவருக்கும் வணக்கம். நூலைத் தேர்வது, மதிப்பிடுவது, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் கடைசியில் காட்டும் பட்டியலான சொல்லடைவு ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு சோற்றை எங்கே எடுப்பது? பலர் முதல் பக்கத்தில் எடுக்கிறார்கள். அது ஆசிரியர் திரும்பத் திரும்பத் திருத்திய பக்கம். பின்னட்டையோ விற்பதற்காக எழுதப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில் இரண்டு பக்கம் படியுங்கள். எழுதுகிறவர் களைக்கும் இடம் அது. நாவலென்றால், பெயர் சொல்லாமலே பேசுகிறவர் யாரென்று தெரிகிறதா பாருங்கள். கட்டுரை நூலென்றால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளைத் தேடிப் படியுங்கள். தெரிந்த இடத்தில் தப்பு செய்தவரைத் தெரியாத இடத்தில் எப்படி நம்புவது? மொழிபெயர்ப்பென்றால், மூலத்திலிருந்து நேராக வந்ததா, இன்னொரு மொழி வழியாக வந்ததா என்று பதிப்பு விவரப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மதிப்பெண். ஐந்துக்கு இத்தனை என்று படித்து முடித்ததும் பென்சிலால் போடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பேனாவால். இரண்டும் வேறுபட்டால் பேனாதான் கணக்கு, ஏனென்றால் கடைசி அத்தியாயத்தின் சூடு முதல் எண்ணை ஏற்றிவிடும். பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதுங்கள். பிறர் போட்டதை அதன் பிறகு பாருங்கள். ஆசிரியரின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது.

பெயர் என்றதும் டோரிஸ் லெஸ்ஸிங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. புகழின் உச்சியில் இருந்த பிரிட்டிஷ் நாவலாசிரியர். 1980களின் தொடக்கத்தில் ஒரு நாவலை எழுதி, ஜேன் சோமர்ஸ் என்ற புனைபெயரில் அனுப்பினார். புது எழுத்தாளர்களை உலகம் எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும் அவருக்கு. என்ன நடந்தது? வழக்கமாக அவர் நூல்களை வெளியிட்டு வந்த பிரிட்டிஷ் பதிப்பகமே திருப்பி அனுப்பியது! ஏற்றுக்கொண்ட இன்னொரு பதிப்பகத்தில், இதைப் படித்தால் டோரிஸ் லெஸ்ஸிங் நினைவு வருகிறது என்றார்களாம். 1983இல் நூல் வந்தது. மதிப்புரைகள் குறைவு, விற்பனையும் குறைவு. அதே புனைபெயரில் இரண்டாவது நாவலும் வந்த பிறகு, 1984இல் அவர் உண்மையைச் சொன்னார். உடனே இரண்டு சோமர்ஸ் நாவல்களும் அவருடைய சொந்தப் பெயரில் ஒரே தொகுதியாக வெளிவந்தன. 2007இல் நோபல் பரிசும் வந்து சேர்ந்தது. எழுதிய கை ஒன்றுதான், பெரியோர்களே.

பெயரை ஒதுக்கிவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? கட்டுரை நூலில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்தச் சோறு சொல்லடைவில் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில், நூலில் வரும் சொற்களை அகரவரிசையில் தொகுத்த அகராதிகள் சேர்த்தார். கணினி இல்லாத காலத்தில் அவர் செய்ததை இன்று நாம் விட்டுவிட்டோம். அடைவில்லாத கட்டுரை நூல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூன்றைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கொள்கை.

கணினியே தேடித் தந்துவிடும் என்கிறார்கள். தமிழில் சாதாரணத் தேடலால் அது நடக்காது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’ அகப்படாது. ‘ஆறு’ என்று தேடினால் ‘ஆற்றில்’ தப்பிவிடும், எண் ஆறு வந்து குவியும். மனிதர் படித்துத்தான் தொகுக்க வேண்டும். பக்க அமைப்பு முடிந்த பிறகே தொடங்க வேண்டும். அதற்குப் பின் ஒரு பத்தியைச் சேர்த்தாலும் எண்கள் நகர்ந்துவிடும். 300 பக்க நூலுக்கு 10 முதல் 15 பக்கம் போதும். ஒரு சொல்லுக்கு நேரே இருபது எண்களை வரிசையாகக் கொட்டினால் பயனில்லை, உட்தலைப்பாகப் பிரியுங்கள்.

இடமில்லை என்று சொல்லும் பதிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் 16 பக்க ஃபாரமாக, அதாவது ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கக் கட்டாக, அச்சிடும்போது கடைசியில் சில பக்கங்கள் வெற்றாக மிஞ்சுகின்றன. பெயரடைவை மட்டுமாவது அங்கே போடுங்கள். வாசகர்களே, நீங்கள் தேடி அலைந்த பத்துச் சொற்களைப் பக்க எண்ணோடு எழுதிப் பதிப்பகத்துக்கு இந்த வாரமே அனுப்புங்கள். மறுபதிப்பு அச்சுக்குப் போகுமுன் அது அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நன்றி, வணக்கம்.