ஒரே வரியில் மூன்று ‘டு’: இன்பினிடிவ் ஃப்ரேஸை எப்படிப் பிடிப்பது?

[திரை: நிலாவெளிக் கரையில் நிற்கும் படகுகள். அதன்மேல் ஒரு வாக்கியம் சொல் சொல்லாக எழுதப்படுகிறது.]

குரல்:

வீ வென்ட் டு நிலாவெளி டு ஹயர் எ போட் டு பிஜன் ஐலண்ட்.

புறாத்தீவுக்குப் போகும் படகை வாடகைக்கு எடுக்க நிலாவெளிக்குப் போனோம். இந்தச் சின்ன வரிக்குள் ‘டு’ மூன்று தரம் வருகிறது. மூன்றும் பார்க்க ஒன்றுதான், வேலை வேறு.

[முதலாவதும் மூன்றாவதும் நீல நிறமாகின்றன.]

முதல் ‘டு’வுக்குப் பின்னால் ஊரின் பெயர். மூன்றாவதுக்குப் பின்னால் தீவின் பெயர். நிலாவெளிக்கு, தீவுக்கு என்று நாம் போடும் ‘கு’ உருபின் வேலையைத்தான் இவை இரண்டும் செய்கின்றன.

[நடுவிலுள்ளது சிவப்பாகிறது.]

இதற்குப் பின்னால் நிற்பது ‘ஹயர்’, ஒரு வினை. ‘எஸ்’, ‘எட்’, ‘இங்’ எதுவும் ஒட்டாமல் அடிவடிவத்திலேயே நிற்கிறது. இதுதான் இன்பினிடிவ். வாக்கியம் இறந்தகாலமா நிகழ்காலமா என்ற கவலை அதற்கு இல்லை. ‘வென்ட்’ இறந்தகாலம் என்பதற்காக ‘டு ஹயர்ட்’ என்று எழுதினால் பிழை.

சரி, இன்பினிடிவோடு சேர்ந்து நிற்கும் சொற்றொடர், அதாவது ஃப்ரேஸ், எங்கே முடிகிறது? அந்த வினையிடமே கேளுங்கள். எதை வாடகைக்கு எடுக்க? எ போட். எங்கே போகும் படகு? டு பிஜன் ஐலண்ட். ஆகவே ‘டு ஹயர்’ தொடங்கி வரியின் கடைசிச் சொல்வரை முழுவதும் ஒரே ஃப்ரேஸ். மூன்றாவது ‘டு’வும் அதற்குள் அடங்கிவிட்டது. ‘டு ஹயர்’ என்ற இரண்டு சொல்லுக்கு மட்டும் கோடு கீறி நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

இந்த ஃப்ரேஸ் ஏன் போனோம் என்று சொல்கிறது, அதனால் அட்வேர்பாக (வினையடையாக) வேலை செய்கிறது. இன்பினிடிவ் ஃப்ரேஸ் நவுனாகவும் (பெயர்ச்சொல்லாகவும்) வரும், அட்ஜெக்டிவாகவும் (பெயரடையாகவும்) வரும்.

[திரை: கன்னியா வெந்நீர்க் கிணறுகள்.]

டு வோக் அரவுண்ட் த செவன் வெல்ஸ் இஸ் ஈஸி.

இங்கே ஃப்ரேஸ் நவுனாக நின்று எழுவாயாகிறது. எழுவாய் கிணறுகள் அல்ல, நடப்பது என்ற செயல். ஏழு கிணறு பக்கத்திலேயே நிற்பதால் கை தானாக ‘ஆர்’ எழுதப் போகும், எழுதவேண்டியது ‘இஸ்’. இன்பினிடிவ் ஃப்ரேஸ் எழுவாயானால் அது எப்போதும் ஒருமை. பேச்சில் இந்த அமைப்பு கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும். ‘இட் இஸ் ஈஸி டு வோக் அரவுண்ட் த செவன் வெல்ஸ்’ என்பதுதான் சாதாரணமாகச் சொல்வது.

அட்ஜெக்டிவாக வரும்போது ஒரு நவுனுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும். ‘ஐ நீட் எ பென் டு ரைட் வித்.’ கடைசியில் உள்ள ‘வித்’தைப் பாருங்கள், நம்மவர்கள் அநேகமாக விடுவது அதைத்தான். ‘எழுத ஒரு பேனா தாங்கோ’ என்றால் தமிழில் வேலை முடிந்தது, உருபு எதுவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் பேனாவால்தான் எழுதுகிறோம் என்பதை ‘வித்’ சொல்லியாக வேண்டும். அதேபோல ‘எ செயார் டு சிட் ஒன்’, ‘சம்வன் டு டோக் டு’. வாக்கியத்தை மறுபக்கம் திருப்பிப் பார்த்தால் பிடிபடும்: ஐ ரைட் வித் எ பென், ஐ சிட் ஒன் எ செயார். அங்கே இருக்கும் சிறுசொல் இங்கேயும் இருக்கவேண்டும்.

[திரை: கரும்பலகை. ‘போக, பார்க்க, எழுத’.]

தமிழ் இலக்கணத்தில் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் படித்திருப்பீர்கள். நோக்கம் சொல்லும்போது அது இன்பினிடிவோடு அழகாகப் பொருந்தும்: பார்க்க வந்தேன், ஐ கேம் டு ஸீ. அந்தத் துணிச்சலில் ‘செய’ வரும் இடமெல்லாம் ‘டு’ போடுவதுதான் சிக்கல்.

‘என்னால் வர முடியும்’. இங்கே ‘வர’ இருக்கிறது. அதனால் ‘ஐ கேன் டு கம்’ என்று வாயில் வந்துவிடுகிறது. கேன், மஸ்ட், ஷுட், வில், மே ஆகியவற்றுக்குப் பின்னால் ‘டு’ கிடையாது. ஆனால் ‘ஹாவ் டு’, ‘ஓட் டு’ இரண்டும் ‘டு’வோடுதான் வரும்.

‘எங்களைக் காத்திருக்க வைத்தார்’ என்பதும் அப்படியே. ‘ஹி மேட் அஸ் வெயிட்.’ மேக், லெட் இரண்டிலும் ‘டு’ வராது. ‘மேக்’கைச் செயப்பாட்டுக்கு மாற்றினால் மட்டும் போன ‘டு’ திரும்பி வரும்: ‘வீ வேர் மேட் டு வெயிட்’. காரணம் தேடவேண்டாம், அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. தமிழில் ‘என்று’ போடுவோம், ஆங்கிலம் இன்பினிடிவ் கேட்கும். ‘நான் படிக்கவேண்டும் என்று அம்மா விரும்புகிறா.’ இதை ‘மை மதர் வோன்ட்ஸ் தட் ஐ ஸ்டடி’ என்று மாற்றக்கூடாது. ‘மை மதர் வோன்ட்ஸ் மீ டு ஸ்டடி.’ ‘ஐ’ அல்ல, ‘மீ’. டெல், ஆஸ்க், அட்வைஸ் ஆகியவையும் இதே அமைப்புத்தான். செய்யாதே என்று சொன்னதை எழுதும்போது ‘நொட்’ முன்னால் வரும்: ‘ஷி டோல்ட் மீ நொட் டு கோ’.

அடுத்தது, ‘டு’வா ‘இங்’கா என்ற பழைய தொல்லை. வோன்ட், ஹோப், பிளான், டிஸைட், ப்ரொமிஸ், அக்ரீ, ரெஃபியூஸ் எல்லாம் ‘டு’. என்ஜோய், ஃபினிஷ், அவொய்ட் எல்லாம் ‘இங்’. இனி நடக்கப்போவதற்கு ‘டு’ என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். பாதித்தூரம் கைகொடுக்கும். ‘ஸஜஸ்ட்’, ‘கன்ஸிடர்’ இரண்டும் இனி நடக்கப்போவதைத்தான் பேசுகின்றன, ஆனாலும் ‘இங்’ எடுக்கின்றன. பட்டியலைப் பாடமாக்குவது அலுப்புத்தான், வேறு வழியில்லை.

சில வினைகள் இரண்டையும் எடுக்கும், பொருள் மட்டும் மாறிவிடும்.

[திரை: கடற்கரை வீதியில் இருவர். ஒருவர் சைக்கிளை நிறுத்துகிறார்.]

‘ஹி ஸ்டொப்ட் டு டோக்.’ சைக்கிளை நிறுத்தினார், கதைப்பதற்காக.

[இருவரும் பேச்சில்லாமல் நிற்கிறார்கள்.]

‘ஹி ஸ்டொப்ட் டோக்கிங்.’ கதையை நிறுத்திவிட்டார்.

‘ரிமெம்பர் டு லொக் த டோர்’ என்றால் மறக்காமல் கதவைப் பூட்டு. ‘ஐ ரிமெம்பர் லொக்கிங் த டோர்’ என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டால் கேட்பவர் வேறொன்றை விளங்கிக்கொள்வார்.

நிறுத்தற்குறிக்கு ஒரு வரி போதும். நோக்கம் சொல்லும் ஃப்ரேஸ் முன்னால் வந்தால் அதன்பின் கமா. அதே ஃப்ரேஸ் எழுவாயாக இருந்தால் கமா இல்லை. கமா போட்டபின் வரும் எழுவாய், அந்தச் செயலைச் செய்பவராக இருக்கட்டும். ‘டு ரீச் த ஐலண்ட், எ போட் வோஸ் ஹயர்ட்’ என்றால் தீவுக்குப் போவது யார் என்று தெரியாமல் தொங்குகிறது. ‘டு ரீச் த ஐலண்ட், வீ ஹயர்ட் எ போட்’ என்று எழுதுங்கள்.

கடைசியாக, விண்ணப்பக் கடிதங்களில் அடிக்கடி காணும் பிழை.

[திரை: ஒரு கடிதத்தின் இறுதி வரி.]

‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.’ ‘டு’வுக்குப் பின்னால் அடிவினை இருக்கிறது, சரிபோலத் தெரிகிறது. ஆனால் இந்த ‘டு’ ‘லுக் ஃபோர்வர்ட்’டோடு சேர்ந்தது, நிலாவெளிக்கு முன்னால் வந்த அதே வகை. இதற்குப் பின்னால் ஒரு நவுனை வைத்துப் பாருங்கள்: ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை’. பொருந்துகிறது. நவுன் பொருந்தும் இடத்தில் வினை ‘இங்’கோடு வரும்: ‘டு ஹியரிங் ஃப்ரம் யூ’. ‘யூஸ்ட் டு’விலும் இதே சோதனையைச் செய்யுங்கள். ‘ஐ ஆம் யூஸ்ட் டு த ஹீட்’ சரி, ஆகவே ‘ஐ ஆம் யூஸ்ட் டு வோக்கிங்’. ‘ஆம்’ இல்லாமல் ‘ஐ யூஸ்ட் டு’ என்றால் அங்கே நவுன் நிற்காது. அது முன்பு வழக்கமாக நடந்தேன் என்பது, ‘ஐ யூஸ்ட் டு வோக்’.